சாமி இல்லாத வீட்டுக்குச் சங்கம் எது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ன என்ற கேள்விக்கு 'நாத்திகர்' என்று பதில் சொன்னவர்கள் இந்தியா முழுக்க ஏறக்குறைய 33,000 பேர். மகாராஷ்டிரத்தில் 9,000க்கு மேல். சின்னஞ்சிறு மேகாலயத்திலும் 9,000க்கு மேல். பெரியார் அரை நூற்றாண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசிய தமிழ்நாட்டில் சுமார் 1,300 பேர்தான். மதத்தைக் குறிப்பிடாதவர்கள் என்று தனியாக ஒரு 1.88 லட்சம் பேர் தமிழ்நாட்டில் உண்டு. அவர்களையும் சேர்த்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

கறுப்புச் சட்டைக்காரர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். கணக்கெடுக்க வந்தவர் வீட்டுத் தலைவரின் பெயரைக் கேட்டதுமே மதத்தையும் தானே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார். உதாரணத்துக்கு, கடலோர ராமநாதபுரம் மாவட்டத்தின் 13.5 லட்சம் பேரில் இந்துக்கள் 77 சதவீதம், முஸ்லிம்கள் 15 சதவீதம், கிறிஸ்தவர்கள் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட நூறு வந்துவிடுகிறது.

அந்த நூற்றுக்குள்ளேதான் சாமி கும்பிடாத வீடுகளும் இருக்கின்றன. பொதுவுடைமைக் கட்சியில் இருந்தவரின் பேரன்மார், ஆசிரியர் சங்கத்தில் ஊறியவர்கள், கல்லூரிக் காலத்திலேயே தொழுகையையோ பூசையையோ நிறுத்திவிட்டு அதை வீட்டில் சொல்லாமலே காலம் தள்ளுபவர்கள். முதல் தலைமுறைக்கு இயக்கமே சொந்தபந்தமாக இருந்தது. மாநாட்டுக்குக் குடும்பத்தோடு போனார்கள். தோழர் வீட்டில் பெண் எடுத்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கத் தலைவர் வரும் நாளுக்குக் காத்திருந்தார்கள். மூன்றாம் தலைமுறையில் மிஞ்சியிருப்பது பூசையறை இல்லாத ஒரு வீடு மட்டும்.

பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது சங்கடம் தொடங்குகிறது. வகுப்பில் ஒருவன் சபரிமலைக்கு மாலை போடுகிறான், ஒருத்தி முதல் நற்கருணை வாங்குகிறாள், இன்னொருவன் நோன்பு திறந்த கதை சொல்கிறான். இந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தாத்தா இறந்தால் யாரைக் கூப்பிட்டு என்ன செய்வது என்று பெரியவர்களுக்கும் தெரியவில்லை. நம்பிக்கை வேண்டாம், நாலு பேர் வேண்டும் என்ற நிலை. அப்படியானால், சாதி பார்க்காத, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத, தாராளமான ஒரு சமய அமைப்பில் சேர்ந்துகொண்டால் என்ன?

மேற்கு நாடுகள் இந்தக் கேள்வியோடு ஒன்றரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுகின்றன. யூதக் குருவின் மகனான ஃபெலிக்ஸ் ஆட்லர் 1876இல் நியூயார்க்கில் கடவுளைப் பேசாத ஓர் அறநெறிச் சங்கத்தைத் தொடங்கினார். ஷெர்வின் வைன் 1963இல் டெட்ராய்ட் பக்கத்தில் கடவுளின் பெயரையே எடுத்துவிட்டு யூத வழிபாட்டை நடத்திக் காட்டினார். அமெரிக்காவின் யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபைகளில் ஆத்திகரும் நாத்திகரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். நார்வேயில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 1951 முதல் மதம் கலக்காத ஒரு பருவச் சடங்கு நடக்கிறது. 2013இல் லண்டனில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் தொடங்கிய 'சண்டே அசெம்ப்ளி'யில் பாட்டு, பேச்சு, தேநீர் எல்லாம் உண்டு. சாமி மட்டும் கிடையாது. அது எவ்வளவு வேகமாகப் பரவியதோ அவ்வளவு வேகமாகச் சுருங்கவும் செய்தது.

இவற்றால் பயன் உண்டா என்பதற்கு ஓர் ஆய்வு தெளிவான விடை வைத்திருக்கிறது. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இரு சமூக அறிவியலாளர்கள் அமெரிக்கர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. வழிபாட்டுக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட வாழ்க்கையில் நிறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் இறையியலோ ஜெபமோ அல்ல, சபைக்குள் கிடைக்கும் நெருங்கிய நண்பர்கள். வாராவாரம் போயும் அங்கே நண்பர் இல்லாதவருக்கு அந்த நிறைவு கிடைப்பதில்லை. நாத்திகக் குடும்பத்துக்கு இனிப்பான செய்திதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது: சபை நட்பு பலன் தருவது அந்தச் சமய அடையாளத்தை மனதாரத் தனதாகக் கொண்டவர்களுக்கே. நட்புக்காக மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தவருக்கு முழுப் பலன் இல்லை. சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

தமிழ்நாட்டிலும் இந்தச் சோதனை பழையதுதான். திருவேங்கடம் என்ற வேளாளர் பிள்ளை ஆங்கிலேயரிடம் பணியாளாகிக் கிறிஸ்தவராக மாறி வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். இங்கிலாந்திலிருந்து கிடைத்த நூல்களைப் படித்து, மூவொரு கடவுள் கொள்கை தனக்கு ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டி, 1813இல் சென்னைப் புரசைவாக்கத்தில் யூனிடேரியன் ஆலயம் ஒன்றைக் கட்டினார். பணம் கொடுக்கவும் ஆள் சேர்க்கவும் பெரிய மிஷன் எதுவும் பின்னால் இல்லாமல், 1838இல் இறக்கும்வரை தமிழிலேயே வழிபாடு நடத்தினார். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் வந்துபோன சூட்டில் 1864இல் சென்னையில் வேத சமாஜம் தோன்றியது. ஸ்ரீதரலு நாயுடு அதைத் தென்னிந்திய பிரம்ம சமாஜமாக மாற்றினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அந்தப் பௌத்த வட்டாரத்தில் பேராசிரியர் லட்சுமி நரசுவும் சிங்காரவேலரும் இருந்தார்கள். இருவரும் பகுத்தறிவாளர்கள். லட்சுமி நரசு 1907இல் எழுதிய நூல் பௌத்தத்தை அதிசயங்கள் நீக்கிய ஓர் அறநெறியாகவே முன்வைத்தது. சாமி கும்பிடாதவர் சமயச் சங்கத்துக்குள் மரியாதையோடு இருக்க முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை.

ஆனாலும் ராபர்ட்ஸின் சபை சிறியதாகவே நின்றது. பிரம்ம சமாஜம் படித்த சில குடும்பங்களைத் தாண்டவில்லை. சாக்கிய பௌத்தம் மட்டும் கோலார் தங்கவயல் வரை பரவியது. அதற்குக் காரணம் அதன் தாராளம் அல்ல. சாதிக் கொடுமையிலிருந்து வெளியேற வழி தேடிய ஒரு மக்கள் கூட்டத்துக்கு அது வரலாற்றையும் பெயரையும் கொடுத்தது. தேவை இருந்த இடத்தில் சங்கம் வளர்ந்தது, வெறும் ரசனையாக இருந்த இடத்தில் வளரவில்லை.

ராமநாதபுரத்துக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928இல் அருப்புக்கோட்டை பக்கத்துச் சுக்கிலநத்தம் கிராமத்தில் நடந்தது. இன்று அது விருதுநகர் மாவட்டம், அன்று ராமநாதபுரம். சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் கூடியதும் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து விருதுநகரில். 'சேர்வை' என்ற பட்டத்தைத் துறந்த சிவகங்கை ராமச்சந்திரனும் இந்த மண்ணின் ஆள். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இயக்கத்தின் கோட்டைகள் பெரும்பாலும் விருதுநகருக்கும் சிவகங்கைக்கும் போய்விட்டன. கடலோரம் ராமநாதபுரத்தில் மிஞ்சியது.

அந்த இயக்கத்தின் ஆரம்ப காலக் கெட்டிக்காரத்தனத்தை இன்று பலர் மறந்துவிட்டார்கள். கடவுள் இல்லை என்று மேடையில் சொன்னதோடு அது நிற்கவில்லை. கல்யாணம் செய்து வைத்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, வேண்டுமென்றே இராகு காலத்தில் நாள் குறித்தார்கள், பெண்கள் தலைமை தாங்கினார்கள், மணமக்களைப் பார்த்து மணிக்கணக்கில் பேசினார்கள். மதம் செய்துவந்த வேலை ஒன்றை அப்படியே எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டது இயக்கம்.

அதற்கான விலையைக் குடும்பங்கள் நீதிமன்றத்தில் கொடுத்தன. தெய்வானை ஆச்சி – சிதம்பரம் செட்டியார் வழக்கில் 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. மேடையில் கைதட்டு வாங்கிய கல்யாணம் சொத்து வழக்கில் கல்யாணமே இல்லை என்று ஆனது. அண்ணா முதல்வரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே, அல்லது தாலி கட்டினாலே போதும் என்றானது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போய், இந்தத் திருமணத்துக்கு ஊரறிந்த விழாவும் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. இதில் ஒரு வேடிக்கை: 7ஏ பிரிவு பொருந்துவது இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டும். மதத்தை உதறிவிட்டுக் கல்யாணம் செய்தவர்களைச் சட்டம் இந்துக்கள் என்று வகைப்படுத்தியே காப்பாற்றுகிறது. மதம் கடந்த இணையருக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமும் முப்பது நாள் அறிவிப்புப் பலகையும்தான். அதன் முன்னோடியான 1872ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கறாரானது. பிரம்ம சமாஜத்தாருக்காகப் பிறந்த அந்தச் சட்டத்தில் மணமக்கள் தாங்கள் இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ அல்ல என்று எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. தாராளச் சமயத்தாருக்கே அன்று அப்படி ஒரு கதி.

கல்யாணத்தை எடுத்துக்கொண்ட இயக்கம் மற்றதை எடுத்துக்கொள்ளவில்லை. மாதந்தோறும் கூடுவது, பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, சாவு வீட்டில் மூன்று நாள் உடனிருப்பது, கடல் பொய்த்த மாதத்தில் அரிசி கொடுத்தனுப்புவது ஆகியவை கட்சிக் கிளைக்கும் படிப்பகத்துக்கும் இருந்த வலுவைப் பொறுத்து சில ஊர்களில் நடந்தன, பல ஊர்களில் நடக்கவில்லை. கட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் அதுவும் தேய்ந்தது. இன்றைய நாத்திகக் குடும்பம் தேடுவது இந்த மிச்ச வேலைகளுக்கு ஆள்.

கடலோரத்தில் அதற்கு என்னென்ன வாசல்கள் திறந்திருக்கின்றன?

முதலில் நினைவுக்கு வருவது சன்மார்க்க சங்கம். வள்ளலார் 1865இல் தொடங்கிய சங்கம். 1867இல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. 1872இல் சத்திய ஞான சபை. சாதி, சமயச் சடங்கு, உருவ வழிபாடு எல்லாவற்றையும் கடைசிக் காலத்தில் அவர் ஒதுக்கினார். பசித்தவனுக்குச் சோறு போடுவதையே வழிபாடாக வைத்தார். நாத்திகருக்கு இவ்வளவு நெருக்கமாக வரும் சமய அமைப்பு தமிழ் மண்ணில் அரிது என்றே சொல்லலாம். ஆனால் ஒரே ஒரு நிபந்தனையில் வள்ளலார் இறங்கிவரவே இல்லை: புலால். கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே அக இனத்தார், மற்றவர்கள் புற இனத்தார். புற இனத்தாருக்குச் சோறு உண்டு. சபைக்குள் இடம் கிடையாது. பாம்பனிலும் மண்டபத்திலும் தொண்டியிலும் மீன் என்பது நாக்கு ருசி மட்டுமல்ல, பிழைப்பு. விசைப்படகில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம் எவ்வளவுதான் சாதி மறுப்பும் கடவுள் மறுப்பும் கொண்டதாக இருந்தாலும், இந்தத் தாராளமான சங்கத்தில் அது வெளித் திண்ணையில்தான். கடவுளை நம்பாதவரை ஏற்றுக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளும், கருவாடு காய வைப்பவரை ஏற்காது.

இரண்டாவது, பங்கு. தங்கச்சிமடம், பாம்பன், ஓலைக்குடா போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்களில் தேவாலயம் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம் அல்ல. 2017 மார்ச்சில் கடலில் ஓர் இளம் மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, உடலை வாங்க மறுத்துத் தங்கச்சிமடத்து மக்கள் நாள்கணக்கில் தேவாலய வளாகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம், கோபம், பேச்சுவார்த்தை, சமையல் எல்லாம் அங்கேயே. அந்தக் கூட்டத்தில் பக்தி எவ்வளவு, ஊர்க்கட்டு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாத்திகக் குடும்பம் ஏங்குவது துல்லியமாக இதற்குத்தான். ஆனால் பங்கில் சேர வழி ஞானஸ்நானம். பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று பெற்றோர் வாக்குக் கொடுக்க வேண்டும். முற்போக்கான பங்குத்தந்தை எத்தனையோ பேர் உண்டு. அவருக்கு இடமாற்றம் வந்துவிடும், கொடுத்த வாக்குக்கு இடமாற்றம் வராது.

பட்டியல் சாதிக் குடும்பமாக இருந்தால் விலை இன்னும் கூடும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கின்றன. கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற வேண்டியதுதான். ஞானஸ்நானம் பெற்ற ஒரு புதுச்சேரிப் பெண், வேலைக்காக இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மதத்தைச் சொல்வது அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்றும் கண்டித்தது. நட்புக்காக மட்டும் சபையில் சேரும் நாத்திகர் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.

மூன்றாவது வாசல் எல்லாருக்கும் திறந்தது: ஏர்வாடி தர்கா. சந்தனக்கூட்டுக்கு இந்துக்கள் திரளாக வருகிறார்கள், உறுப்பினர் படிவம் கிடையாது, யாரும் எதையும் கேட்பதில்லை. மத நல்லிணக்கக் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் ஊர். அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் செத்தார்கள். காப்பகத்தைத் தர்கா நடத்தவில்லை. ஆனால் தர்காவில் நோய் தீரும் என்ற நம்பிக்கையை வைத்தே அந்தத் தொழில் அங்கே வளர்ந்தது. எல்லாரையும் வரவேற்பது ஒன்று, எல்லாக் கேள்வியையும் வரவேற்பது வேறொன்று. முன்னதைப் பின்னதாக எண்ணிக்கொள்வது இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்வது.

ராமேஸ்வரத்து நல்லிணக்கமே அப்படிப்பட்டதுதான். அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். அவருடைய நண்பர் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் ராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர். மூன்றாமவர் தேவாலயத்துப் பாதிரியார் போடல். ஊர்ப் பிரச்சினையை மூவரும் கூடிப் பேசித் தீர்த்ததைக் கலாம் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். அருமையான நட்பு. ஆனால் மூவருமே தத்தம் மதத்தில் ஆழ ஊன்றியவர்கள். நான்காவது நாற்காலி ஒன்று போட்டு நம்பாதவர் ஒருவரை உட்கார வைத்த கதை எங்கும் இல்லை. 2017 ஜூலையில் பேய்க்கரும்பில் கலாம் நினைவகம் திறந்த சில நாளிலேயே, வீணை வாசிக்கும் சிலைக்கு அருகில் பகவத் கீதை மட்டும் இருப்பது ஏன் என்று சர்ச்சை வந்தது. உறவினர்கள் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். மூன்று மதத்துக்கும் சம மரியாதை என்பதே இங்கே மதச்சார்பின்மையின் முழு எல்லை.

நான்காவது வாசலில்தான் இன்று கூட்டம் அதிகம்: மனவளக்கலை. வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. இது மதமல்ல, வாழ்க்கைக் கல்வி என்றே அவர்கள் சொல்கிறார்கள். எளிய உடற்பயிற்சி, தியானம், 'வாழ்க வளமுடன்', ஆண்டுக்கொரு முறை ஆகஸ்ட் 30 அன்று மனைவி நல வேட்பு நாள் என்று நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்ற சடங்குகளை அந்த அமைப்பு நிதானமாக உருவாக்கியிருக்கிறது. முன்னாள் தோழர்கள் பலர் ஓய்வு பெற்றபின் இங்கே வந்து சேர்கிறார்கள். அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை, முதுகுவலியும் தனிமையும் கொள்கை பார்த்து வருவதில்லை. இருந்தும், பிரம்மஞானம், வான்காந்தம் என்று பாடம் மேலே போகப் போக அறிவியலின் சொற்களில் மெய்ஞ்ஞானம் பேசுவது கூடுகிறது. கேள்வி கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அங்கே சிக்கல் வரும். பாட்டிக்கு வராது.

ஐந்தாவதாக மடங்களைச் சொல்ல வேண்டும். விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கி, மறுநாள் ராமேஸ்வரம் கோயிலிலேயே நின்று, ஏழையிலும் நோயாளியிலும் சிவனைக் காண்பதே உண்மை வழிபாடு என்று பேசினார். அவர் நிறுவிய ராமகிருஷ்ண மிஷன், பிற்காலத்தில் தான் இந்து மதமே அல்ல, தனிச் சமயம் என்று நீதிமன்றம் ஏறியது. 1995இல் உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. எல்லா மதமும் உண்மை என்று சொல்லும் அமைப்பும் எந்த மதமும் வேண்டாம் என்று சொல்லும் குடும்பமும் கொஞ்ச தூரம் சேர்ந்து நடக்கலாம், அவ்வளவே.

மடம் என்றால் குன்றக்குடியைத் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ஆதீனம் அது. தவத்திரு குன்றக்குடி அடிகளார் நாத்திகப் பிரச்சாரத்தை எதிர்கொள்ளவே அருள்நெறித் திருக்கூட்டத்தைத் தொடங்கியவர். பிறகு பெரியாரோடு பேசிப் பழகி, தீண்டாமை ஒழிப்பிலும் தமிழ் வழிபாட்டிலும் ஒரே மேடையில் நின்றார். குன்றக்குடிக்கு வந்த பெரியார் மடத்து மரியாதையாகத் தந்த திருநீற்றை நெற்றியில் ஏற்றுக்கொண்டார். 1982 மண்டைக்காடு கலவரத்தின்போது அமைதிக்காக ஓடியவர்களில் அடிகளார் முன்னணியில் இருந்தார். குன்றக்குடியின் கிராமத் திட்டம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. இங்கே ஒரு செய்தி முக்கியம்: பெரியார் மடத்தில் சேரவில்லை, அடிகளார் கழகத்தில் சேரவில்லை. யாரும் யாரையும் மாற்றாமல் வேலையை மட்டும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பெரியாருக்குச் சேரும் வாய்ப்பு வராமலும் இல்லை. 1954 டிசம்பரில் ரங்கூனில் உலகப் பௌத்த மாநாட்டுக்குப் போனபோது அம்பேத்கர் அவரைப் பௌத்தத்துக்கு அழைத்தார். அந்த ஆண்டுதான் ஈரோட்டில் பௌத்த மாநாடு ஒன்றையும் பெரியார் நடத்தியிருந்தார். தீண்டாமைக்கு இஸ்லாமே மருந்து என்று 1947இல் பேசியவரும் அவரே. மற்றவர்களுக்கு மதமாற்றத்தைப் பரிந்துரைத்தவர் தான் மாறவில்லை; வெளியே போய்விட்டால் இந்து மதத்தைக் குறை சொல்லும் உரிமை போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் சேர்ந்தார். இரண்டும் நன்றாக யோசித்து எடுத்த முடிவுகள். அம்பேத்கர் ஒரு மக்கள் கூட்டத்தோடு போனார். தனிக் குடும்பமாகப் போய் ஒரு சபையின் கடைசி வரிசையில் உட்கார்வதற்கு அவரை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

எல்லாக் குடும்பமும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்துப் பெயர் கொண்ட நாத்திகர் பூசையை நிறுத்தினால் அத்தை கோபித்துக்கொள்வார், அதோடு முடிந்தது. கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு நிக்காஹ் பதிவேடும் கபரஸ்தானும் ஜமாஅத்திடம் இருக்கின்றன. கோவையில் 2017 மார்ச்சில், இறைமறுப்பைப் பேசிவந்த ஃபாரூக் என்ற திராவிடர் விடுதலைக் கழகத்து இளைஞர் கொலையே செய்யப்பட்டார். அப்படிப்பட்டவர்களிடம் தாராளமான சபையைத் தேடிச் சேருங்கள் என்று அறிவுரை சொல்வது கூடுதல் ஆபத்தில் தள்ளுவது. அவர்களுக்குத் தேவை சத்தமில்லாத நண்பர்கள்.

சேராமலே போய்வருவது என்ற வழக்கம் இந்தக் கடற்கரையில் நெடுங்காலமாக உண்டு. கச்சத்தீவு அந்தோணியார் கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பார்கள். திருவிழாவுக்குப் பதிவு செய்துகொண்டு படகேறுகிறவர்களில் இந்துக்களும் உண்டு. 1693இல் அருளானந்தர் கொல்லப்பட்ட ஓரியூரில் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். நாத்திகக் குடும்பத்தின் பிள்ளைகளும் இங்கெல்லாம் போகட்டும். நோன்புக் கஞ்சி குடிக்கட்டும், தேர் பார்க்கட்டும், கேரல் பாடட்டும். ஊரின் கதையும் பாட்டும் எந்த மதத்தின் பட்டாவிலும் இல்லை. ஆனால் திருவிழாவுக்குப் போய்வருவது சாவு வீட்டுக்கு ஆள் சேர்த்துத் தராது.

அதற்கு மதம் கலக்காத வழிகள் இருக்கின்றன. பலவீனமாக, ஆனால் இருக்கின்றன. கோரா குடும்பம் 1940இல் தொடங்கிய, இப்போது விஜயவாடாவில் இருக்கும் நாத்திக மையம் மூன்று தலைமுறையாக நிற்கிறது. காரணம் அது விவாத மேடையாக இல்லாமல் சமபந்தி, சாதி மறுப்புத் திருமணம், மருத்துவ உதவி என்று வேலை செய்ததே. தமிழ்நாட்டில் பெரியார் பிஞ்சுகளுக்கு வல்லத்தில் கோடைப் பழகு முகாம் நடக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குத் துளிர் இதழும் குழந்தைகள் அறிவியல் மாநாடும் உண்டு. 1973, 2000 ஆண்டுகளின் அரசு ஆணைகளால் பள்ளியில் சாதி, மதக் கட்டத்தை வெறுமையாக விடலாம். 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதி மதமற்றவர் என்ற சான்றிதழே வாங்கினார். 2025 ஜூனில் அத்தகைய சான்றிதழைக் கேட்பவருக்குக் கொடுக்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், உடலைத் தானம் செய்ய வெளி மாவட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. எங்கே புதைப்பது என்ற கேள்விக்கு அது ஒரு நேரான பதில்.

ஆக, தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்காக என்று ஒரு குடும்பம் சமய அமைப்பில் உறுப்பினராவது இந்தக் கடற்கரையில் பெரும்பாலும் வீண்செலவு. விசுவாசத்தைக் கேட்கும் இடத்தில் பொய் சொல்ல வேண்டியிருக்கும். கேட்காத இடத்தில் நட்பு ஆழமாவதில்லை. சான்றிதழையும் சோற்றுத் தட்டையும் தொடும் இடத்தில் இழப்பு நிரந்தரம். தருமசாலையில் பரிமாறப் போகலாம், மடத்தின் மருத்துவ முகாமில் நிற்கலாம், பங்குத்தந்தையோடு மீனவர் மனுவில் கையெழுத்திடலாம். பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானபின் அதுவே விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும். தனியாக இருக்கும் முதியவருக்கும், சாதியால் துரத்தப்பட்டுக் கூட்டமாக வெளியேறுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களின் தேவை வேறு.

மீதிப் பொறுப்பு பகுத்தறிவு அமைப்புகளுடையது. ராமநாதபுரம், பரமக்குடி, ராமேஸ்வரம் கிளைக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடை, ஒலிபெருக்கி, தீர்மானம் எதுவும் இல்லாமல் குடும்பங்களை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். மீன் குழம்பு இருக்கட்டும், மீன் சாப்பிடாதவருக்குச் சாம்பாரும் இருக்கட்டும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துக் குறித்துக்கொள்ள ஒருவரையும், சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்க இரண்டு பேரையும் பொறுப்பாக நியமிக்க வேண்டும்.